வட்டார வேட்பாளரின் பெயர் வாக்குச்சீட்டில் வேண்டும்

2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் எங்கள் கையில் தந்த வாக்குச்சீட்டில் கட்சிகளின் பெயரும் சின்னமும் இருந்தன. சுயேச்சைக் குழுக்களுக்கு ஓர் இலக்கமும் ஒரு சின்னமும் இருந்தன. புள்ளடி போடக் கட்டம் இருந்தது. எங்கள் வட்டாரத்தில் நிற்பவர் யார் என்பது மட்டும் அதில் எந்த இடத்திலும் இல்லை. 2018 பெப்ரவரி 10ஆம் திகதி நடந்த தேர்தலிலும் அப்படித்தான். அந்தத் தேர்தலில் நான் வாக்காளராகப் போகவில்லை. ஒரு வாக்களிப்பு நிலையத்துக்குப் பொறுப்பான சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலராகப் போயிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்து பார்த்தவள் என்ற உரிமையோடு இதை எழுதுகிறேன். வட்டார முறையைத் திரும்பக் கொண்டுவந்து, வட்டாரத்தில் நிற்பவரின் பெயரை வாக்குச்சீட்டில் போடாமல் விட்டது பெரிய தவறு. அடுத்த தேர்தலுக்கு முன் அது திருத்தப்பட வேண்டும்.

நான் தொண்டைமானாற்றில் வாழ்கிறவள், ஓய்வுபெற்ற ஆசிரியை. இலங்கைத் தீவில் தேர்தல் நடத்துவது பெரும்பாலும் எங்களைப் போன்றவர்கள்தான்: ஆசிரியர்கள், பிரதேச செயலகத்து எழுதுவினைஞர்கள், அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், கிராம அலுவலர்கள். கடமைக் கடிதம் வந்தால் ஒரு நாள் பயிற்சி. தேர்தலுக்கு முதல் நாள் பெட்டியையும் சீட்டுக்களையும் எண்ணிக் கையெழுத்து வைத்து வாங்கிக்கொண்டு, பொலிஸ் பாதுகாப்புடன் பஸ்ஸில் ஏறி, குறித்த பள்ளிக்கூடத்துக்குப் போய், வாங்குகளை ஒதுக்கிப் பாய் விரித்து, பெட்டி இருக்கும் அதே மண்டபத்தில் படுக்க வேண்டும். விடிய நாலு மணிக்கு எழும்பினால்தான் ஏழு மணிக்குக் கதவு திறக்கலாம்.

எங்கள் ஊரின் பெயர் வடக்கில் படித்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். சந்நிதி முருகன் கோயிலால் மட்டுமல்ல, தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் பரீட்சைத் தாள்களாலும். பரீட்சையில் விடைத்தாளுக்குச் சுட்டெண் மட்டும்தான், பெயர் எழுதக்கூடாது. திருத்துகிறவருக்கு எழுதியவர் யாரென்று தெரியாமல் இருப்பதுதான் அங்கே நியாயம். தேர்தல் வாக்குச்சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒழுங்கைக் கொண்டுவந்து பொருந்தாத இடத்தில் வைத்துவிட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது. இங்கே புள்ளி போடுகிறவர் ஊர்ச்சனம். யாருக்குப் போடுகிறோம் என்பது அவர்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

2018இல் நடந்ததைச் சொல்கிறேன். எந்த வட்டாரம் என்று சொல்லப் போவதில்லை. காலை பத்து மணியளவில் எண்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் ஆச்சி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அடையாள அட்டையைக் காட்டினார், இடாப்பில் பெயரை வாசித்தார்கள், விரலில் மை பூசினார்கள், சீட்டைக் கொடுத்தார்கள். மறைப்புக்குள் போனவர் சிறிது நேரம் நின்றுவிட்டுச் சீட்டையும் கையில் பிடித்தபடி என்னிடம் திரும்பி வந்தார்.

“பிள்ளை, இதில எங்கட பொடியன்ர பேர் எங்க கிடக்கு? பார்த்தன், காணேல்லை.”

“பேர் இதில இருக்காது ஆச்சி. சின்னம்தான் இருக்கு.”

“அவன்ர சின்னம் என்ன எண்டு எனக்குத் தெரியாதே. நீ சொல்லன்.”

அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அந்தப் பொடியன் ஒரு சுயேச்சைக் குழுவில் நின்றான், ஆச்சி கேட்டது அவனைத்தான் என்பது எனக்கு விளங்கியது. முகவர்கள் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “அதை நான் சொல்லக்கூடாது ஆச்சி” என்று மட்டும் சொன்னேன். “அப்ப நான் ஆருக்கு எண்டு போடுறது?” என்று கேட்டுக்கொண்டே அவர் மறைப்புக்குள் திரும்பப் போனார். அவர் எங்கே புள்ளடி போட்டாரோ, அது அவருக்கும் அந்தப் பெட்டிக்கும்தான் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு வரும்போது அவர் மனத்தில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்ல இந்த நாட்டின் தேர்தல் முறையில் அவருக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை.

அன்று மாலை வாக்கெண்ணும் மேசையில் இன்னொன்றையும் பார்த்தேன். ஒரு சீட்டில் புள்ளடி இல்லை. வெறும் இடத்தில் பேனையால் ஒருவருடைய பெயர் எழுதியிருந்தது. அழகான, உறுதியான கையெழுத்து. செல்லுபடியற்ற வாக்கு என்று ஒதுக்கினோம். சட்டப்படி வேறு வழியில்லை. அந்த வாக்காளருக்குத் தான் யாரைத் தெரிவுசெய்ய வந்தார் என்பதில் ஒரு குழப்பமும் இருக்கவில்லை.

இந்த முறை எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2011இல் எங்கள் சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோது இருந்தது விகிதாசார முறை. ஒரு கட்சிக்கு ஒரு வாக்கு, அந்தக் கட்சியின் பட்டியலில் மூன்று பேருக்கு விருப்பு வாக்கு. உறுப்பினருக்கு என்று ஒரு வட்டாரம் கிடையாது, முழுச் சபைப் பரப்புக்கும் எல்லோரும் பொது. விருப்பு வாக்குக்காக ஒரே கட்சிக்காரர் ஒருவரோடொருவர் அடிபட்டார்கள். காசு வைத்திருந்தவர் முன்னுக்கு வந்தார். ஒழுங்கையில் விளக்கு எரியாவிட்டால் யாரிடம் கேட்பது என்று சனத்துக்குத் தெரியவில்லை. இதைத் திருத்தத்தான் 2012ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வந்தது. 2017இல் அது மறுபடி திருத்தப்பட்டு, உறுப்பினர்களில் 60 சதவீதம் வட்டாரத்தில் இருந்து, 40 சதவீதம் பட்டியலில் இருந்து என்று முடிவானது. ஊரில் உள்ள ஒருவர், ஊருக்குத் தெரிந்தவர், ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் சபைக்குப் போவார் என்று மேடைகளில் சொன்னார்கள். நானும் அதை மனதார வரவேற்றேன்.

கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு சபைக்கு 15 உறுப்பினர் என்று எடுத்துக்கொண்டால், 9 பேர் வட்டாரத்தில் இருந்து, 6 பேர் பட்டியலில் இருந்து. வாக்காளருக்கு இருப்பது ஒரே ஒரு வாக்கு. அந்த ஒரு புள்ளடி இரண்டு வேலை செய்கிறது. வட்டாரத்தில் யாருடைய கட்சி முதலாவதாக வந்ததோ அவர் உறுப்பினர். அதன்பின் முழுச் சபைப் பரப்பிலும் அந்தக் கட்சி எடுத்த வாக்குகளைக் கூட்டி, எத்தனை உறுப்பினருக்கு அது தகுதியானது என்று பார்ப்பார்கள். 40 சதவீத வாக்கு எடுத்த கட்சிக்கு 6 பேர் வரவேண்டும். வட்டாரங்களில் 4 பேர் வென்றிருந்தால் மீதி 2 பேர் பட்டியலில் இருந்து வருவார்கள். 20 சதவீதம் எடுத்து ஒரு வட்டாரத்தையும் வெல்லாத கட்சிக்கு 3 பேரும் பட்டியலில் இருந்தே வருவார்கள். சிறிய கட்சிகளுக்கும் இடம் கிடைக்கிறது என்பதால் இந்தப் பங்கீடு எனக்கு உடன்பாடுதான்.

ஆனால் பட்டியலில் இருந்து வருகிறவர் யார் என்பதை வாக்கெண்ணி முடிந்தபிறகு கட்சியின் செயலாளர் தீர்மானிக்கிறார். மேலதிகப் பட்டியல் எனப்படும் அந்தப் பட்டியலில் முதலாவதாகப் பெயர் இருந்தவரைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வட்டாரத்தில் தோற்றவரையும் எடுக்கலாம். ஓர் ஊர் ஒருவரை வேண்டாம் என்று தள்ளினாலும், அடுத்த கிழமை அவர் உறுப்பினராகச் சத்தியப்பிரமாணம் செய்துவிட்டு அதே ஊருக்குள் வரலாம். வட்டாரத்தில் வென்றவரும் தோற்றவரும் ஒரே மண்டபத்தில் ஒரே கதிரையில் ஒரே உரிமையோடு உட்கார்ந்திருக்க, நாங்கள் போட்ட வாக்கு எதைத் தீர்மானித்தது என்று ஓர் இளம் வாக்காளர் கேட்டால் எனக்குப் பதில் இல்லை.

சில வட்டாரங்களுக்கு இரண்டு அல்லது மூன்று உறுப்பினர்கள். அங்கேயும் வாக்காளருக்கு ஒரு வாக்குத்தான். முதலாவதாக வரும் கட்சி அத்தனை இடத்தையும் எடுத்துக்கொள்ளும். ஒருவரைப் பிடித்து மற்றவரைப் பிடிக்காதவருக்கு வழியே இல்லை. வட்டார உறுப்பினர் காலமானாலோ விலகினாலோ இடைத்தேர்தலும் இல்லை. கட்சி ஒரு பெயரை அனுப்பும், அது வர்த்தமானியில் வரும், அவர் எங்கள் உறுப்பினர் ஆவார். ஆரம்பம் முதல் முடிவு வரை பெயரைத் தெரிவுசெய்யும் வேலை கட்சிக் காரியாலயத்தில் நடக்கிறது. எங்களுக்கு விட்டிருப்பது சின்னம்.

பெயர் ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கிறவர்கள் ஒரு சபை உறுப்பினரின் வேலை என்ன என்பதைப் பார்க்க வேண்டும். தொண்டைமானாறு வல்வெட்டித்துறை நகர சபையின் எல்லைக்குள் இருக்கிறது. எங்கள் ஊரில் கண்ணுக்குத் தெரியும் பெரிய விஷயங்கள் எதுவும் நகர சபையிடம் இல்லை. உப்புநீரை மறிக்கும் தடுப்பணை நீர்ப்பாசனத்துக்கு, கரையோரப் பெரிய தெரு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, கடல் கடற்றொழில் திணைக்களத்துக்கு, பள்ளிக்கூடம் கல்வித் திணைக்களத்துக்கு. சபையிடம் இருப்பது ஒழுங்கை, ஒழுங்கை விளக்கு, வாய்க்கால், குப்பை, சந்தை, மயானம், நூலகம், வீட்டுக்கு மதில் கட்டும் அனுமதி. சந்நிதித் திருவிழாக் காலத்தில் இந்தப் பக்கத்துக்கு வரும் சனத்தொகையை நினைத்துப் பாருங்கள். வாகனங்கள் ஒழுங்கைகளுக்குள் நிறைந்துவிடும். கொடி இறங்கியபின் தெருவோரம் எல்லாம் வாழையிலையும் பிளாஸ்டிக் போத்தலும். இதை எப்போது அள்ளுவார்கள், உழவு இயந்திரம் எந்த நாள் வரும், மாரிக்கு முன் வாய்க்கால் துப்புரவாகுமா என்பவைதான் எங்களுக்கும் சபைக்கும் இடையில் உள்ள அரசியல்.

இவற்றுக்குக் கொள்கை விளக்கம் தேவையில்லை. யார் வருவார், யார் தொலைபேசியை எடுப்பார், யார் மழைக்குள் வந்து நின்று பார்ப்பார் என்பது தேவை. தமிழ்த் தேசியம், சமஷ்டி, மாகாண அதிகாரம் பற்றி எனக்கும் உறுதியான நிலைப்பாடு உண்டு. நாடாளுமன்றத் தேர்தலில் அதன்படிதான் வாக்களிக்கிறேன். எந்தக் கட்சிச் சின்னத்துக்கு, வீட்டுக்கா, சைக்கிளுக்கா, சங்குக்கா, வீணைக்கா, திசைகாட்டிக்கா என்ற கேள்வி அங்கே பொருத்தமானது. ஒழுங்கைக்கு ஆள் எடுக்கும்போதும் அந்த ஒரு கேள்வியை மட்டும் எங்கள் கையில் தந்தால், நல்ல பிள்ளையைப் பிடிக்காத சின்னத்துக்காகத் தள்ளுவோம், பிடித்த சின்னத்துக்காகத் தகுதியில்லாதவரை அனுப்புவோம். இரண்டும் எங்கள் பகுதிகளில் நடந்திருக்கின்றன.

இதில் அதிகம் அடிபடுவது சுயேச்சைக் குழுக்கள். ஒரு கட்சி வேட்பாளருக்குக் கட்டுப்பணம் 1,500 ரூபா, சுயேச்சைக் குழுவில் நிற்பவருக்கு 5,000 ரூபா. கட்சியின் சின்னம் ஐம்பது வருடமாகச் சுவரில் இருக்கிறது. சுயேச்சைக் குழுவுக்குச் சின்னம் கிடைப்பது வேட்புமனு ஏற்ற பிறகு. அதை ஊருக்குப் பழக்க அவர்களிடம் இருப்பது சில கிழமைகள்தான், ஆனால் அவர்களின் பலமே ஊருக்குத் தெரிந்த பெயர்கள். அந்தப் பலத்தை வாக்குச்சீட்டு கழற்றி எடுத்துவிடுகிறது. ஆச்சிக்கு நடந்தது அதுதான்.

பெயருக்கு இந்தத் தேர்தலில் மற்ற எல்லா இடத்திலும் கொடுக்கப்படும் மதிப்பைப் பார்த்தால் என் மனவருத்தம் இன்னும் கூடுகிறது. கிராம அலுவலர் வீடு வீடாகப் போய் இடாப்பைத் திருத்துகிறார். யார் வெளிநாடு போனார், யார் கலியாணம் செய்து வேறு ஊருக்குப் போனார், யார் இறந்தார் என்று ஒவ்வொரு பெயராகக் கேட்கிறார். யுத்தத்தில் இடம்பெயர்ந்து, மயிலிட்டியிலும் பலாலியிலும் வீடிருந்தும் அங்கே கால் வைக்க முடியாமல் இருந்தவர்களுக்கு, சொந்த ஊரின் இடாப்பில் பெயர் நிலைக்க வேண்டும் என்பதற்காக 2013இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். ஓர் இடாப்பில் பெயர் இருப்பது என்ன என்பது எங்களுக்குச் சொல்லித்தர வேண்டிய பாடம் இல்லை. சனம் குறையக் குறைய யாழ்ப்பாண மாவட்டத்தின் நாடாளுமன்ற ஆசனங்கள் 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6 என்று இறங்கியதை நாங்கள் கண்ணால் கண்டோம்.

வேட்பாளர் பக்கமும் அப்படித்தான். 2025 மார்ச்சில் வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டபோது, இளம் வேட்பாளர் ஒருவரின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி உரிய முறையில் உறுதிப்படுத்தப்படவில்லை என்பது போன்ற காரணங்களுக்காகப் பட்டியல்கள் முழுவதுமாக நிராகரிக்கப்பட்டு, வழக்குகள் கொழும்பு வரை போயின. ஒருவரின் பிறந்த திகதி அவ்வளவு முக்கியம். தேர்தல் செலவுச் சட்டம் 2023இல் வந்தபின், தோற்றவரும் வென்றவரும் முடிவு வெளியாகி 21 நாளுக்குள் தம் பெயரில் செலவுக் கணக்குக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வழக்கு. வாக்காளரின் பெயரை அலுவலர் எல்லா முகவர்களுக்கும் கேட்கும்படி உரத்து வாசிக்கிறார். அடையாள அட்டையில் உள்ள பெயரும் இடாப்பில் உள்ள பெயரும் ஓரெழுத்து மாறினாலும் ஆட்சேபம் வரும். இத்தனை பெயர்களையும் கவனமாகப் பார்க்கும் ஒரு முறையில், நாங்கள் தெரிவுசெய்யப் போகிறவரின் பெயர் ஒன்றுக்குத்தான் இடம் இல்லை.

எதிர்வாதங்கள் தெரியும். முதலாவது செலவும் வேலையும். இப்போது ஒரு சபைக்கு ஒரே மாதிரியான வாக்குச்சீட்டு அச்சடித்தால் போதும். பெயர் போட்டால் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வேறு சீட்டு. 2025இல் 339 சபைகளுக்கு ஒரே நாளில் தேர்தல் நடந்தது, வாக்காளர் ஒரு கோடியே 71 இலட்சத்துக்கு மேல். அரசாங்க அச்சகத்துக்கு அது பாரம்தான். ஆனால் 2019இல் ஜனாதிபதித் தேர்தலுக்கு 35 பேர் நின்றபோது, 35 பெயரையும் போட்டு 26 அங்குல நீளத்தில் சீட்டு அடித்துத் தந்தவர்களும் இதே அச்சகத்தார்தான். முடியாது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2022 பெப்ரவரி 19ஆம் திகதி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது 12,000க்கும் மேற்பட்ட வார்டுகள். வார்டுக்கு வார்டு வேட்பாளர் வேறு, இயந்திரத்தில் ஒட்டும் பெயர்த்தாளும் வேறு. லண்டனில் இருக்கும் எங்கள் ஊர்ச்சனம் அங்கே கவுன்சில் தேர்தலில் வாக்களித்துவிட்டு இங்கே கதைக்கும்போது கட்சியைச் சொல்ல முன் ஆளின் பெயரைச் சொல்கிறார்கள். அவர்களின் சீட்டில் பெயர் இருக்கிறது.

வாக்களிப்பு நிலையத்தில் பெயர்ப் பட்டியலை ஒட்டினால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. வரிசையில் நிற்கும்போது சுவரைப் படித்து, பெயரையும் சின்னத்தையும் மனத்தில் பொருத்தி, மறைப்புக்குள் போய் அதை மறக்காமல் போட வேண்டும் என்று எண்பது வயது ஆச்சியிடம் எதிர்பார்க்கக்கூடாது. புள்ளடி போடும் தாளில், புள்ளடிக்குப் பக்கத்தில், பெயர் இருக்க வேண்டும்.

மற்ற எதிர்வாதத்தைக் கட்சிக்காரர் வெளிப்படையாகச் சொல்வதில்லை. பெயர் போட்டால் கட்சியின் பிடி தளரும். சின்னத்துக்கு விழும் வாக்கு வேட்பாளரின் சொந்த வாக்காகிவிடும், நாளைக்கு அவர் கட்சியோடு முரண்பட்டால் ஊர் அவர் பக்கம் நிற்கும். நான் அதைத்தான் விரும்புகிறேன். 2018இல் தெரிவான யாழ்ப்பாண மாநகர சபையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. வரவு செலவுத் திட்டம் தோற்றது, முதல்வர் பதவி இழந்தார். 2020 டிசம்பரில் புதிய முதல்வருக்காக வாக்கெடுத்தபோது 21க்கு 20 என்று முடிந்தது. ஒரே ஒரு கை அந்த நகரத்தின் தலைமையை மாற்றியது. எங்கள் நகர சபைக்கும் 2025 ஜூனில் உறுப்பினர்களின் வாக்கெடுப்பில்தான் எம். கே. சிவாஜிலிங்கம் தவிசாளரானார். இந்த முறையில் ஒவ்வோர் உறுப்பினரின் கைக்கும் அவ்வளவு பெறுமதி இருக்கிறது. அந்தக் கையை உயர்த்துகிறவர் யாரென்று பார்த்து அனுப்பும் உரிமை எங்களுக்கு வேண்டும்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் பட்டியலை ஒழுங்குபடுத்தச் சொன்னால் உடனே பெண்களுக்கான 25 சதவீதக் கோட்டா போய்விடும் என்று பயங்காட்டுகிறார்கள். அந்தக் கோட்டாவுக்காக நான் முழுமனதோடு நிற்கிறேன். அது வருவதற்கு முன் நாடு முழுவதிலும் உள்ளூராட்சி உறுப்பினர்களில் பெண்கள் 2 சதவீதமும் இல்லை. 2018இல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வந்தார்கள். எங்கள் பகுதியில் முன்பள்ளி ஆசிரியைகளும் மாதர் சங்கத் தலைவிகளும் முதன்முதலாகச் சபை மண்டபத்துக்குள் போனார்கள். ஆனால் அவர்களை எந்த வழியால் உள்ளே விட்டார்கள் என்று பாருங்கள். வட்டார வேட்பாளரில் பெண்கள் குறைந்தது 10 சதவீதம் இருந்தால் போதும், மேலதிகப் பட்டியலில் 50 சதவீதம் இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். கட்சிகள் வெல்லக்கூடிய வட்டாரங்களை ஆண்களுக்கு வைத்துக்கொண்டு பெண்களைப் பட்டியலில் போட்டார்கள். பட்டியலால் வந்த பெண் சபையில் வாய் திறந்தால், “நீங்கள் எந்த ஊர்ச்சனத்தின் வாக்கில் வந்தீர்கள்” என்று ஆண் உறுப்பினர் கேட்கிறார். பதவிக்காலம் முழுவதும் அந்தக் கேள்விக்கு முகங்கொடுத்த ஒரு பெண் உறுப்பினர் அழுததை நான் பார்த்திருக்கிறேன். வட்டாரத்திலும் பெண்களின் பங்கைக் கூட்டுங்கள், அவர்களின் பெயரைச் சீட்டில் போடுங்கள். பட்டியலைப் பெண், ஆண், பெண், ஆண் என்று வரிசைப்படுத்தித் தேர்தலுக்கு முன்னரே வெளியிட்டு, அந்த வரிசை மாறாமல் எடுங்கள். கோட்டாவுக்கு ஒரு சேதமும் வராது. செயலாளரின் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டிய நிலை மட்டும் பெண்களுக்கு இல்லாமல் போகும்.

வாக்கெண்ணும் இடம் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது வட்டாரத்துக்குள்ளேயே எண்ணுகிறார்கள். பெட்டி தூரம் போகாததால் வழியில் என்ன நடந்தது என்ற சந்தேகம் இல்லை, முடிவும் விரைவாக வருகிறது. அந்த நன்மை பெரியது. ஆனால் சில நூறு வாக்குகள் உள்ள சிறிய இடங்களில், எந்தப் பக்கத்துச் சனம் எந்தப் பக்கம் நின்றது என்று முகவர்கள் மேசையிலேயே ஊகித்துவிடுகிறார்கள். தேர்தலுக்குப் பிறகு சில ஒழுங்கைகளுக்கு விளக்கு வரத் தாமதிப்பதன் காரணம் அதுதான் என்று சனம் நம்புகிறது. அந்த நம்பிக்கையே தீங்கானது. பக்கத்து வட்டாரங்கள் இரண்டு மூன்றின் பெட்டிகளை ஒரே நிலையத்தில் வைத்து, வட்டாரத்தின் மொத்தத்தை மட்டும் அறிவித்தால் இதைத் தவிர்க்கலாம்.

இவ்வளவையும் கேட்கும்போது, தேர்தல் நடப்பதே பெரிய விஷயம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1983க்குப் பிறகு 1998 ஜனவரியில்தான் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. அதில் மாநகர முதல்வரான சரோஜினி யோகேஸ்வரனை அதே வருடம் மே மாதம் சுட்டுக் கொன்றார்கள். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலனும் அந்த செப்டெம்பரில் கொல்லப்பட்டார். ஒரு வாக்கின் விலை என்ன என்பதை அந்தத் தலைமுறை அறியும். பின்னர் சமாதான காலத்திலும் இழுத்தடித்தார்கள். 2018இல் வந்த சபைகளின் காலம் ஒரு வருடம் நீட்டப்பட்டு 2023 மார்ச் 19ஆம் திகதி முடிந்தது. மார்ச் 9ஆம் திகதி நடக்க இருந்த தேர்தலுக்குத் திறைசேரி காசு விடவில்லை. ஏப்ரல் 25 என்றார்கள், அதுவும் இல்லை. வேட்புமனுப் போட்ட அரசாங்க ஊழியர்கள் வேலைக்கும் திரும்ப முடியாமல் தேர்தலும் இல்லாமல் நடுவில் நின்றார்கள். 2024 ஆகஸ்ட் 22ஆம் திகதி உயர் நீதிமன்றம், தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்புச் சொன்னது. இரண்டு வருடத்துக்கு மேல் எங்கள் சபைகளைச் செயலாளர்கள் நடத்தினார்கள். அவர்களில் பலர் திறமையான அலுவலர்கள். ஆனால் அவர்களை மாற்றும் அதிகாரம் ஒழுங்கைச் சனத்துக்கு இல்லை. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதற்கு இன்னும் தேர்தலே இல்லை.

இத்தனை இழப்புக்கும் இழுபறிக்கும் பிறகு கிடைத்த வாக்கு அரைகுறையாக இருக்கக்கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன். இப்போதைய சபைகளின் காலம் 2029 வரை இருக்கிறது. சட்டத்தைத் திருத்த நேரம் தாராளமாக உண்டு. வழக்கம்போல வேட்புமனுக் கோருவதற்கு நாலு மாதத்துக்கு முன் அவசரமாகத் திருத்தாமல், இப்போதே தொடங்கலாம். தேர்தல்கள் ஆணைக்குழுவிடமும், சந்நிதிக்கும் எங்கள் ஊர் விழாக்களுக்கும் வந்துபோகும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் நான் கேட்பவை இவை. வாக்குச்சீட்டின் ஒவ்வொரு வரியிலும் முதலில் வட்டார வேட்பாளரின் பெயரும், அதன் பக்கத்தில் கட்சியும் சின்னமும் வரட்டும். பட்டியலின் வரிசை வாக்களிப்புக்கு முன் வெளியாகட்டும், வட்டாரத்தில் தோற்றவர் அந்த வரிசைக்குள் நுழைய வேண்டாம். வட்டார உறுப்பினரின் இடம் வெறுமையானால் அந்த வட்டாரத்தில் இடைத்தேர்தல் நடக்கட்டும். இதற்கான திருத்தத்தை ஒரு தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவரக்கூட எங்கள் மாவட்டத்தின் ஆறு உறுப்பினர்களில் ஒருவரால் முடியும். அவர் எந்தச் சின்னத்தில் வந்தவராக இருந்தாலும், மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றைத் தயாரித்துக் கொடுக்க, தேர்தல் கடமை செய்து ஓய்வுபெற்ற நாங்கள் இந்த ஊரில் சிலர் இருக்கிறோம்.